சத்தியநாதன் குடும்பத்துப் பெண் எழுத்தாளர்கள்

அன்னா, கிருபாபாய், கமலா ஆகிய மூவரும் 19ஆம் நூற்றாண்டில் குடும்ப வாழ்வையும் ஒழுக்கத்தையும் பொருளாக்கி எழுதியவர்கள். பின்னிருவரும் அன்னாவின் மகன் சாமுவேலை அடுத்தடுத்து மணந்தவர்கள்.

இங்கிலாந்தில் இவ்வகை எழுத்தை ஹன்னா மோர் முதலான பெண்கள் 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் பரப்பினர். 1805இல் இந்தியா வந்த மேரி ஷெர்வுட், ஓர் ஆங்கிலேயச் சிறுவனையும் அவனுடைய இந்தியப் பணியாளனையும் வைத்து எழுதிய கதை 1814இல் வெளியானது. தமிழ்நாட்டுத் தென்கடற்கரையான முத்துக்குளித்துறைக்கு நீதி புகட்டும் அச்சுநூல் அதற்கும் வெகு முன்பே பழக்கம்; இயேசு சபைக் குரு அண்ட்ரிக் அடிகளார் அங்குள்ள பரதவருக்காக எழுதிய 'அடியார் வரலாறு' 1586இல் அச்சேறியது. ஆனால் அதை எழுதியவர் ஆண், துறவி. வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் எழுத, மிஷன் பெண்கல்வி வரவேண்டியிருந்தது.

அன்னாவின் தந்தை ஜான் தேவசகாயம், தென்னிந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் குரு. சாத்தான்குளம் அருகே கடாட்சபுரத்தில் நெடுங்காலம் பணியாற்றினார். அன்னா 1849இல் நெல்லைச் சீமையைச் சேர்ந்த வில்லியம் தாமஸ் சத்தியநாதனை மணந்தார்; பின்பு சென்னையில் கணவருடன் ஊழியம் செய்துகொண்டே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிகள் நடத்தினார். பிள்ளை வளர்ப்பைப் பற்றித் தமிழில் அவர் எழுதிய சிறுநூல் 'நல்ல தாய்'. கதைநூல் அல்ல என்றாலும், குடும்பக் கதைகள் பேசவிருந்த பொருள் முழுவதும் அதில் உண்டு.

அகமத்நகரில் பிறந்த மராத்தியப் பெண் கிருபாபாய். 1878இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். உடல்நலம் கெட்டுப் படிப்பை விட நேர்ந்தது. அந்த ஏக்கம் முழுவதையும் அவர் ஆங்கிலத்தில் எழுதிய 'சகுணா'வில் காணலாம். தன் வரலாற்றையே கதையாக்கிய அது 1887–88இல் 'மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ் மேகசின்' இதழில் தொடராக வந்தது. அண்ணனின் புத்தகங்களால் அறிவு விழித்த பெண் அதன் நாயகி. நல்ல மனைவியாக இருப்பது எப்படி என்று சொல்லவந்த கதைவகையை, படிக்க விரும்பும் பெண்ணுக்கு வீட்டில் இடமுண்டா என்று கேட்க வைத்தார். இதுவே அவரது பெருஞ்சாதனை. அடுத்த நாவல் 'கமலா' பால்யமணத்தையும் மாமியார் வீட்டுக் கொடுமையையும் பேசுகிறது. 32 வயதில் அவர் இறந்தார். இரு நாவல்களும் 1896இல் தமிழாக்கம் பெற்றன.

கிருபாபாய்க்குப் பின் சாமுவேலை மணந்த கமலா, கணவருடன் சேர்ந்து இந்தியக் கிறிஸ்தவர் வாழ்க்கைக் கதைகளை 1898இல் வெளியிட்டார். 1901இல் 'இந்தியன் லேடீஸ் மேகசின்' தொடங்கினார். வங்காள எழுத்தாளர் ரொக்கையாவின் 'சுல்தானாவின் கனவு' கதை 1905இல் அதில்தான் முதலில் வெளிவந்தது.

தமிழ் உரைநடை வரலாறு எழுதுவோர் 1879இல் வந்த 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை முன்னிறுத்துகின்றனர். அதற்கு முந்தைய ஆண்டே மறைந்த அன்னாவுக்கும் அந்த வரலாற்றில் ஓர் இடம் தரப்பட வேண்டும்.