சிறுநாடுகளும் படைக்கூட்டுகளும்: கிழக்கு ஐரோப்பாவும் இலங்கையும் – ஓர் ஒப்புநோக்கு

1955ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் இந்தோனீசியாவின் பாண்டுங் நகரில் ஆசிய ஆபிரிக்க நாடுகள் இருபத்தொன்பதின் மாநாடு நடைபெற்றது. மேலைத்தேயக் குடியேற்றவாதத்தைக் கண்டிப்பதில் அனைவரும் ஒருமித்து நின்ற அவ்வவையில் இலங்கைப் பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவலை எவரும் எதிர்பாராத வினா ஒன்றை எழுப்பினார். ஹங்கேரி, ருமேனியா, பல்கேரியா, அல்பேனியா, செக்கோசிலோவாக்கியா, லத்வியா, லித்துவேனியா, எஸ்தோனியா, போலந்து என ஒன்பது நாடுகளைப் பெயர் சுட்டி, சோவியத் ஆதிக்கத்துக்குட்பட்ட இவையும் குடியேற்ற நாடுகள் அல்லவா எனக் கேட்டார். சீனப் பிரதமர் சூ என்லாயும் இந்தியப் பிரதமர் நேருவும் இதனை விரும்பவில்லை. மாநாடு முடிந்து மூன்று வாரங்கள் கழிவதற்குள், மே 14இல், சோவியத் ஒன்றியம் தன் சார்பு நாடுகளை வார்சோ ஒப்பந்தத்தினாற் பிணைத்துக்கொண்டது.

அன்று அவர் பெயர் கூறிய ஒன்பது நாடுகளும் இன்று வட அத்திலாந்திக் ஒப்பந்த அமைப்பாகிய நேட்டோவில் உள்ளன. செக்கோசிலோவாக்கியா மட்டும் செக், சிலோவாக்கியா என இரண்டாகப் பிரிந்து உட்புகுந்தது. இங்கு மறைக்கவியலாத முரண் ஒன்றும் உண்டு. பிறர் மண்ணில் அந்நியப் படை நிற்பதைக் கண்டித்த அப்பிரதமரின் சொந்த நாட்டிலே, திருகோணமலைத் துறைமுகத்திலும் கட்டுநாயக்கா விமானத் தளத்திலும், அவ்வேளையிற் பிரித்தானியப் படைகள் நிலைகொண்டிருந்தன. அழைக்கப்பட்டு வந்த படைக்கும் அழைக்கப்படாது வந்த படைக்கும் உள்ள வேறுபாடு யாது? வலியதோர் அயலாரின் அருகே வாழும் சிறுநாடு தன் பாதுகாப்பை எங்ஙனம் தேடிக்கொள்கிறது? இவ்வினாக்களை இரு நிலப்பகுதிகளின் வரலாற்றையும் ஒப்புநோக்கி ஆராய்வது பயனுடைத்து.

1947ஆம் ஆண்டு ஒப்பந்தம்

இலங்கை சுதந்திரம் பெறுவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னர், 1947 நவம்பர் 11இல், பிரித்தானியாவுடன் பாதுகாப்பு ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. புற ஆக்கிரமிப்பின்போது இரு நாடுகளும் ஒன்றுக்கொன்று இராணுவ உதவி வழங்குதல், இருவரும் இணங்கும் அளவிற் பிரித்தானியப் படைகள் இலங்கையில் தளங்கொள்ளுதல் ஆகியன அதன் சாரமாகும். ஒப்பந்தம் எப்போது முடிவுறும் என்பது அதிற் கூறப்படவில்லை. டி. எஸ். சேனநாயக்கா இதனை நாட்டின் கேடயமாகக் கருதினார். அயலிலுள்ள பெருநாடாகிய இந்தியா பற்றிய ஐயமே அவரது மனத்தில் மேலோங்கியிருந்தது என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. இடதுசாரிகளோ சுதந்திரத்தையே இவ்வொப்பந்தம் குறையுடையதாக்கிவிட்டது எனச் சாடினர்.

அச்சாடலை உலக அரங்கிற் பயன்படுத்தியது சோவியத் ஒன்றியம். இலங்கையின் இறைமை ஐயத்துக்குரியது எனக் கூறி, ஐக்கிய நாடுகள் அமைப்பில் அது சேர்வதை 1948இலும் 1949இலும் தன் வீற்றோ உரிமையினால் தடுத்தது. இறுதியில் 1955 திசெம்பர் 14இல், இரு வல்லரசு அணிகளும் செய்துகொண்ட உடன்பாட்டின் பயனாகப் பதினாறு நாடுகள் ஒருசேர அனுமதிக்கப்பட்டன. இலங்கையோடு ஒரே நாளில் உட்புகுந்தவற்றுள் ஹங்கேரி, ருமேனியா, பல்கேரியா, அல்பேனியா, பின்லாந்து ஆகியனவும் இருந்தன. ஒரு பெரும் பேரத்தின் இரு தட்டுகளிலும் சிறுநாடுகளே எடைக்கற்களாக வைக்கப்பட்டன என்பது நோக்கற்பாலது.

தளங்கள் மீண்ட வரலாறு

1956இற் பதவியேற்ற எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா தளங்களைத் திருப்பிக் கேட்டார். பேச்சுவார்த்தைகளின் பின் 1957 ஒக்டோபரில் திருகோணமலையும் நவம்பரிற் கட்டுநாயக்காவும் இலங்கையின் கைக்கு வந்தன. ஒரு துப்பாக்கி வேட்டும் தீர்க்கப்படவில்லை. அதற்கு ஓராண்டுக்கு முன்னர், 1956 நவம்பரில், வார்சோ ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்த ஹங்கேரியின் தலைநகருட் சோவியத் தாங்கிகள் புகுந்தன. ஹங்கேரி நிலைமையை ஆராய ஐக்கிய நாடுகள் அமைப்பு நியமித்த ஐந்து நாடுகளின் விசேட குழுவில் இலங்கைப் பிரதிநிதி ஆர். எஸ். எஸ். குணவர்த்தனாவும் இடம்பெற்றார்.

இரண்டு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலனாகின்றது. இலங்கையினால் எளிதில் விலக முடிந்தமைக்குப் பண்டாரநாயக்காவின் திறமை மட்டும் காரணமன்று. இந்தியா விடுதலை பெற்ற பின்னர்ப் பிரித்தானியாவுக்குத் திருகோணமலையின் இன்றியமையாமை குறைந்திருந்தது. சுயெஸ் தோல்வியினால் அதன் வலிமையும் தளர்ந்திருந்தது. அயல்நாடாகிய இந்தியாவும் அந்நியத் தளங்கள் அகல்வதை வரவேற்றது. ஹங்கேரிக்கு இவற்றுள் எதுவும் வாய்க்கவில்லை. ஒரு கூட்டின் இயல்பை அதிற் சேரும்போது கூறப்படும் சொற்களிற் காண்பதிலும், அதைவிட்டு நீங்க முயலும்போது நேர்வதிற் காண்பதே பொருத்தமாகும்.

கிழக்கு நோக்கிய விரிவு

நேட்டோ 1949 ஏப்பிரல் 4இற் பன்னிரண்டு நாடுகளோடு தோன்றியது. ஒருவர்மீது தொடுக்கப்படும் தாக்குதல் அனைவர்மீதும் தொடுக்கப்பட்டதாகக் கொள்ளப்படும் என்னும் ஐந்தாம் உறுப்புரையே அதன் உயிர்நிலை. 1991 யூலையில் வார்சோ ஒப்பந்தமும் அவ்வாண்டின் இறுதியிற் சோவியத் ஒன்றியமும் மறைந்தன. எதிரணி மறைந்த பின்னரும் நேட்டோ மறையவில்லை, விரிந்தது. 1999 மார்ச்சிற் போலந்து, ஹங்கேரி, செக் ஆகியன சேர்ந்தன. 2004இற் பால்டிக் நாடுகள் மூன்றுடன் ருமேனியா, பல்கேரியா, சிலோவாக்கியா, சுலோவீனியா ஆகியன இணைந்தன. 2009இல் அல்பேனியாவும் குரோவேசியாவும், 2017இல் மொண்டெநீக்ரோவும், 2020இல் வட மசிடோனியாவும், 2023இற் பின்லாந்தும், 2024இற் சுவீடனும் சேரவே உறுப்பு நாடுகளின் தொகை 32 ஆயிற்று.

இவ்விரிவு பற்றி இரு வாதங்கள் உள. ரஷ்யத் தரப்பு, 1990இல் ஜெர்மனி ஒன்றுபட்டபோது நேட்டோ கிழக்கே ஓர் அங்குலமும் நகராது என வாய்மொழியாக உறுதியளிக்கப்பட்டது என்றும், அது மீறப்பட்டது என்றும் கூறும். அவ்வாண்டு பெப்ரவரியில் அமெரிக்க இராஜாங்கச் செயலாளர் ஜேம்ஸ் பேக்கர் அத்தகைய சொற்களைக் கொர்பச்சேவிடம் கூறியது உண்மை. ஆயின் எழுதப்பட்ட உடன்படிக்கை எதிலும் அவை இடம்பெறவில்லை. செப்தெம்பரில் ஒப்பமிடப்பட்ட ஜெர்மன் உடன்படிக்கை, கிழக்கு ஜெர்மனியில் அந்நியப் படைகள் நிறுத்தப்படமாட்டா என்பதையே உறுதிசெய்தது. விரிவு பெருந்தவறாகும் என 1997இல் எச்சரித்தவருள், சோவியத் ஒன்றியத்தை அணைகட்டித் தடுக்கும் கொள்கையை வகுத்த ஜோர்ஜ் கெனன் அவர்களே ஒருவர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

மற்றைய வாதம் சிறுநாடுகளின் வாயிலிருந்து எழுவது. நேட்டோ தங்களை இழுத்துச் செல்லவில்லை. தாங்களே அதன் கதவைத் தட்டினோம் என்பர் போலந்தினரும் பால்டிக் மக்களும். 1940இல் விழுங்கப்பட்டதையும் 1956இலும் 1968இலும் தாங்கிகள் வந்ததையும் நினைவிற்கொண்ட தலைமுறை அங்கு உயிரோடிருந்தது. வல்லரசுகளின் அச்சத்தையே ஆராய்ந்து சிறுநாடுகளின் அச்சத்தைப் பொருட்படுத்தாத வரலாறு அரை வரலாறேயாம்.

கடப்பாடும் உறுதிமொழியும்

இவ்விரு வாதங்களுக்கும் இடையே அகப்பட்டுக்கொண்ட நாடு உக்ரேன். 1994 திசெம்பரில் புடாபெஸ்டிற் கையெழுத்தான உடன்பாட்டின்படி அது தன் மண்ணிலிருந்த அணுவாயுதங்களைக் கையளிக்க இணங்கியது. ரஷ்யா, அமெரிக்கா, பிரித்தானியா ஆகிய மூன்றும் அதன் எல்லைகளை மதிப்பதாக உறுதிமொழி அளித்தன. காக்கும் கடப்பாட்டை எவரும் ஏற்கவில்லை. 2008இற் புக்கரெஸ்ட் மாநாட்டில் உக்ரேனும் ஜோர்ஜியாவும் ஒருநாள் உறுப்பினராகும் என நேட்டோ அறிவித்தது. எந்நாள் என்பது கூறப்படவில்லை. ரஷ்யாவின் சினத்தைத் தூண்ட அவ்வறிவிப்பு போதியதாயிற்று. அந்நாடுகளைக் காக்கப் போதியதாகவில்லை. அவ்வாண்டு ஓகஸ்டில் ஜோர்ஜியாவிற் போர் மூண்டது. 2014இற் கிரிமியா கைப்பற்றப்பட்டது. 2022 பெப்ரவரி 24இல் உக்ரேன்மீது முழுப் படையெடுப்புத் தொடங்கியது. ரஷ்யா நேட்டோ விரிவைக் காரணமாகக் காட்டியது. எனினும் அயலவன் அஞ்சுகிறான் என்பது அவன் செய்வதை விளக்குமேயன்றி நியாயப்படுத்தாது. நெடுங்காலம் நடுநிலை காத்த பின்லாந்தும் சுவீடனும் நேட்டோவுட் புகுந்தது அப்படையெடுப்பின் நேர்விளைவேயாகும்.

1987: நமது கரையின் அனுபவம்

அயலவரின் அச்சம் என்பது ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதன்று. 1987 யூலை 29இற் கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜயவர்த்தனாவும் ஒப்பமிட்ட உடன்படிக்கையோடு இணைந்து பரிமாறப்பட்ட கடிதங்களில், திருகோணமலை உட்பட எந்தத் துறைமுகமும் இந்திய நலனுக்கு ஊறு விளையும் வகையில் எந்நாட்டினதும் இராணுவப் பயன்பாட்டுக்கு வழங்கப்படமாட்டாது என உறுதியளிக்கப்பட்டது. 1971இல் இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக்கும் தீர்மானத்தை ஐக்கிய நாடுகள் அமைப்பில் முன்னின்று நிறைவேற்றிய நாடு, பதினாறு ஆண்டுகளின் பின் அயலவருக்குத் தனிப்பட்ட உறுதி எழுதிக்கொடுக்க நேர்ந்தது.

அவ்வுடன்படிக்கையின்படி இந்திய அமைதி காக்கும் படை வடக்கிலும் கிழக்கிலும் நிலைகொண்டது. கல்முனைக் கரையிலும், வாவிக்கு அப்பால் வயல்கள் சூழ்ந்த நாவிதன்வெளியிலும் வாழும் தமிழரும் முஸ்லிம்களும் கொழும்பிலும் தில்லியிலும் எழுதப்பட்ட வாசகங்களின் பயனைத் தத்தம் வாசலிற் கண்டனர். வடக்கையும் கிழக்கையும் இணைத்த அவ்வேற்பாட்டைத் தங்களைக் கலந்தாலோசியாது செய்யப்பட்டது என முஸ்லிம் அரசியலாளர் கண்டித்தனர். எம். எச். எம். அஷ்ரப் தலைமையிலான முஸ்லிம் காங்கிரஸ் 1988 நவம்பரில் மாகாணசபையின் 71 ஆசனங்களுள் 17ஐ வென்றமைக்கு அக்குறையுணர்வும் ஒரு காரணமாகும். இணைப்புப் பற்றிக் கிழக்கு மக்களின் கருத்தறிய 1988 இறுதிக்குள் நடைபெறவேண்டியிருந்த வாக்கெடுப்பு ஒருபோதும் நடைபெறவில்லை. 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் இணைப்புச் செல்லாது எனத் தீர்ப்பளித்தது.

வந்த படை சென்ற முறையும் ஆராயத்தக்கது. 1989இன் பிற்பகுதியில் அம்பாறை மாவட்டத்திலிருந்து அப்படை விலகத் தொடங்கியது. 1990 மார்ச்சில் முற்றாக நாட்டைவிட்டு நீங்கியது. அதன் பின் எஞ்சிய வெற்றிடத்தை நிரப்புவதற்கு நிலையான ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. அவ்வாண்டு யூனிற் போர் மீண்டும் மூண்டபோது கிழக்குக் கரையிற் தமிழரும் முஸ்லிம்களும் உயிரையும் இருப்பிடத்தையும் இழந்தனர். ஒரே வயல்வெளியிற் பக்கம் பக்கமாகக் கமம் செய்தோர் ஒருவரையொருவர் அஞ்சும் நிலை உருவாயிற்று. காக்க வந்தவர் போரில் இறங்கியதும், போரில் இறங்கியவர் வெற்றிடம் விட்டுச் சென்றதும் அக்காலத்தின் இரட்டைத் துயரமாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, கூட்டுச் சேர்தல் எப்போதும் அடிமைத்தனம் என்றோ, அணிசேராமை எப்போதும் காப்பு என்றோ துணிந்து கூறவியலாது என்பது தெளிவாகும். போலந்துக்கு நேட்டோ காப்பாயிற்று. இலங்கைக்கு 1957இல் விலகுதலே கண்ணியமாயிற்று. அரைகுறை வாக்குறுதியே இரண்டினும் ஆபத்தானது என்பதற்கு உக்ரேன் சான்று. 2022 மார்ச் 2இல் உக்ரேன் படையெடுப்பைக் கண்டித்த ஐக்கிய நாடுகள் பொதுச்சபைத் தீர்மானத்தின்போது இலங்கை வாக்களியாது ஒதுங்கியது. பாண்டுங்கில் ஒன்பது நாடுகளின் பெயரை உரத்துக் கூறிய குரலுக்கும் இம்மௌனத்துக்கும் இடையே அறுபத்தேழு ஆண்டுகள் கிடக்கின்றன.

எந்த உடன்படிக்கையைக் கற்கப் புகுந்தாலும் மாணவர் நான்கு வினாக்களை எழுப்புதல் வேண்டும். அதனைக் கேட்டவர் யார்? அதிற் காணப்படுவது கடப்பாடா, உறுதிமொழியா? விலகும் வழி உண்டா? அதன் விளைவைச் சுமக்கப்போகும் மக்கள் கையெழுத்துக்கு முன் கேட்கப்பட்டனரா? முதல் மூன்றுக்கும் விடை தலைநகரங்களின் ஆவணங்களிற் கிடைக்கும். நான்காவதற்கு விடை தேடுவோர் நாவிதன்வெளி போன்ற ஊர்களுக்கே செல்லவேண்டும்.