நாள்பட்ட வலியும் உடற்சமநிலையும்: வைட்டமின் டி குறைவு காரணமா, உடனிகழ்வா?

காரணம் பிடிபடாத தசை, எலும்பு வலியோடு மினியாபொலிஸில் சிகிச்சைக்கு வந்த 150 பேரின் இரத்தத்தைச் சோதித்த ஆய்வு ஒன்று 2003-இல் வெளியானது. அவர்களில் 93 விழுக்காட்டினருக்கு வைட்டமின் டி குறைவாக இருந்தது. அந்த எண் பரவிய அளவுக்கு, ஆய்வில் வலியில்லாத ஒப்பீட்டுக் குழு இல்லை என்ற செய்தி பரவவில்லை. 2009-இல் வெளியான பாஸ்டன் ஆய்வு, 70 வயதைக் கடந்தவர்களில் பல இடங்களில் வலி உள்ளோர் கூடுதலாகக் கீழே விழுகிறார்கள் என்று காட்டியது. வலி, குறைந்த வைட்டமின் டி, தள்ளாட்டம் ஆகிய மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கும்போது, நடுவில் இருப்பதை மருந்தால் ஏற்றிவிட்டால் மற்ற இரண்டும் சீராகும் என்று தோன்றுவது இயல்பே. பெரும்பாலான நோயாளிகளைப் பொறுத்தவரை அந்த எதிர்பார்ப்புக்குச் சான்று இல்லை என்பதே என் வாதம்.

அந்த எதிர்பார்ப்பு வெறுங்கற்பனையிலிருந்து பிறந்ததல்ல. வைட்டமின் டி கடுமையாகக் குறைந்து எலும்பு மென்மை நோய் (ஆஸ்டியோமலேசியா) கண்டவருக்கு எலும்பு வலிக்கும். குந்தி எழ முடியாது. நடை இருபுறமும் அசையும். இடறும் நொடியில் உடலைத் தாங்கிப் பிடிக்கும் வேகமான தசை இழைகளே இந்நோயில் முதலில் சிறுக்கின்றன. குறைவை நிரப்பினால் வலிமை திரும்புகிறது. ஆனால் இந்த உச்சநிலையில் உண்மையாக இருப்பதை மிதமான குறைவுக்கும் நீட்டுவதில்தான் பிழை நுழைகிறது.

முழங்கால் வலியுள்ள ஒருவர் நாற்காலியிலிருந்து எழுவதைக் கவனித்தால் போதும். வலிக்கும் காலைச் சற்று முன்னே நீட்டி, பாரத்தை மற்றக் காலில் ஏற்றி, இடுப்பை விறைத்துக்கொண்டு எழுவார். வலியே தொடைத் தசையின் இயக்கத்தைத் தடுக்கிறது. மூட்டிலிருந்து மூளைக்குப் போகும் நிலையுணர்வும் மழுங்குகிறது. போதாக்குறைக்கு, வலிக்காகத் தரப்படும் பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் போன்றவை தலைச்சுற்றல் தருபவை. விழுவோமோ என்ற பயத்தில் வீட்டுக்குள் முடங்குபவர் மேல் வெயில் படுவதில்லை. ஆகவே வைட்டமின் டி குறைகிறது. முழங்கால் அறுவைக்குப் பிறகு, உணவோ வெயிலோ மாறுவதற்குள் சில நாள்களிலேயே அதன் அளவு இறங்குவதால், அழற்சிக்கும் இதில் பங்குண்டு. குறைந்த அளவு பல வேளைகளில் காரணமல்ல, விளைவு.

வைட்டமின் டி தந்தும் வீழ்ச்சி குறையவில்லை என்று காட்டிய சோதனைகளில் சேர்ந்தோரில் பலருக்கு ஏற்கெனவே போதிய வைட்டமின் டி இருந்ததே என்ற மறுப்பு வலுவானது. ஆனால் 2021-இல் வெளியான அமெரிக்கச் சோதனை, அளவு மில்லிலிட்டருக்கு 10 முதல் 29 நானோகிராம் வரை இருந்த 688 முதியோரை மட்டுமே சேர்த்தது. நாளொன்றுக்கு 1000 அலகும் அதற்கு மேலும் தந்தபோது, 200 அலகைவிட வீழ்ச்சி குறையவில்லை. பத்துக்கும் கீழே உள்ளவர் நிலை வேறு. அவருக்கு எலும்பைக் காக்கவே மருந்து தேவை, அதில் விவாதமில்லை. இவை வலி நோயாளிகளுக்கென நடந்த சோதனைகள் அல்ல என்பதும் சரியே. ஆனால் அவர்களுக்குப் பலன் உண்டென்று நிறுவும் பொறுப்பு, பரிந்துரைப்பவருடையது.

மலிவான மருந்து, கொடுத்தால் என்ன கெட்டுவிடும் என்பது அடுத்த மறுப்பு. 2010-இல் வெளியான ஆஸ்திரேலியச் சோதனையில், ஆண்டுக்கு ஒருமுறை 5 லட்சம் அலகு பெற்ற மூதாட்டிகள் மருந்தில்லா மாத்திரை பெற்றோரைவிட 15 விழுக்காடு கூடுதலாக விழுந்தார்கள். 2016-இல் வெளியான சூரிச் சோதனையிலும், மாதம் 24,000 அலகு பெற்றவர்களைவிட 60,000 அலகு பெற்றவர்களே கூடுதலாக விழுந்தார்கள். நம்மூர் மருந்துக்கடைகளில் 60,000 அலகுப் பொடி தாராளமாகக் கிடைக்கிறது. உறுதியான குறைவுக்கு அதைச் சில வாரம் தருவது வேறு. சோதிக்காமல் மாதக்கணக்கில் நீட்டுவது வேறு.

சமநிலைப் பயிற்சிக்கோ சான்று திடமாக இருக்கிறது: 2019-இன் காக்ரேன் மறுஆய்வு, உடற்பயிற்சி முதியோரின் வீழ்ச்சியை ஏறத்தாழ 23 விழுக்காடு குறைப்பதாகக் கண்டது. ஆகவே வலி நோயாளியை எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரச் சொல்லி, நேரத்தைக் குறித்து, மருந்துப் பட்டியலையும் பார்த்துவிட்டுப் பயிற்சியைத் தொடங்கலாம். வெயிலே படாதவர், குந்தி எழத் திணறுபவர், அழுத்தினால் எலும்பு நோகிறது என்பவர் ஆகியோருக்கு வைட்டமின் டி சோதனையும் அதே நாளில் நடக்கட்டும்.