வாரம் ஒரு மாத்திரை

சோரியாசிஸுக்கு டாக்டர் மெத்தோட்ரெக்சேட் எழுதிக் கொடுத்தா, சீட்டுல 'வாரம் ஒருமுறை'ங்கிறதை ரெண்டு தடவை படிங்க மக்களே. அதுக்குப் பின்னாடி பெரிய கதை இருக்கு.

மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படிச்சவர் எல்லாப்ரகட சுப்பாராவ். அமெரிக்காவில் லெடர்லி ஆய்வகத்துல அவரோட குழு, ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கிற அமினோப்டெரினை உருவாக்கியது. ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு அதைக் கொடுத்த சிட்னி ஃபார்பர், 1948-ல் முடிவுகளை வெளியிட்டார். சுப்பாராவ் இறந்ததும் அதே வருஷம்தான்.

1951-ல் கப்னர் இதை மூட்டுவாதத்துக்குக் கொடுத்துப் பார்த்தார். மூட்டு வலியோட, சோரியாசிஸ் படைகளும் மறைய ஆரம்பிச்சது! பிறகு அமினோப்டெரின் இடத்துக்கு அதன் தம்பி மெத்தோட்ரெக்சேட் வந்தது.

சோரியாசிஸில் தோல் செல்கள் தலைதெறிக்கப் பெருகும். மருந்து அதுக்குக் கடிவாளம் போடுது. ஆனா எலும்பு மஜ்ஜை, வாய், குடல் செல்களும் வேகமாப் பெருகுறவைதானே? தினமும் மருந்து விழுந்தா அவை தேற நேரமே கிடைக்காது. 1971-ல் வெய்ன்ஸ்டீனும் ஃப்ராஸ்டும் வாரத்துக்கு ஒரு சுற்று, 12 மணி நேர இடைவெளியில் மூணு வேளைன்னு ஒரு முறையைச் சொன்னாங்க. 1972-ல் அமெரிக்க எஃப்டிஏ சோரியாசிஸுக்கு அனுமதி கொடுத்தது.

இன்னிக்கும் தவறுதலா தினமும் சாப்பிட்டு உயிரை விட்டவங்க உண்டு. ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளைத் தவறவிடாதீங்க. கர்ப்பிணிகளுக்கு இது கூடவே கூடாது. வாய்ப்புண், காய்ச்சல் வந்தா உடனே டாக்டரைப் பாருங்க.

எந்தக் கிழமைன்னு சீட்டுலயே எழுதி வாங்கிக்குங்க. அந்த ஒரு வார்த்தை உயிரைக் காப்பாத்தும்.