கிளிக் செய்யும் முன்... கேமராவும் அந்தரங்கமும் ஒரு குட்டி வரலாறு

பேருந்து நிலையம், கல்யாண மண்டபம், கல்லூரி கேண்டீன் என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவர் நம்மை எடுக்கிறாரா, நமக்குப் பின்னால் இருக்கும் வாழைமரத் தோரணத்தை எடுக்கிறாரா என்பது அவருக்கே வெளிச்சம். "எல்லாம் இந்த செல்போன் வந்ததால் வந்த வினை" என்று வீட்டுப் பெரியவர்கள் அலுத்துக்கொள்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

ஆனால் நண்பர்களே, இந்தச் சண்டைக்கு வயது 130 ஆண்டுகளுக்கும் மேல்! செல்போன் அதைப் பெரிதாக்கியது, அவ்வளவுதான். சற்றுப் பின்னோக்கிப் போய்ப் பார்ப்போம்.

அசையாமல் உட்கார்ந்த காலம்

1839-ல் பிரான்ஸ் நாட்டின் டாகுவேர் கண்டுபிடித்த புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஆரம்பத்தில் ஒரு படம் பதிய பல நிமிடங்கள் ஆனது. அசைந்தால் முகம் கலங்கிவிடும். அதனால் தலை ஆடாமல் இருக்கப் பின்பக்கம் இரும்புப் பிடி வைத்தார்கள். படத்தில் இருப்பவர் தானே வந்து, உட்கார்ந்து, மூச்சை அடக்கி ஒத்துழைத்தால்தான் நல்ல உருவப்படம் கிடைக்கும். அதாவது அனுமதி என்பது அந்தத் தொழில்நுட்பத்துக்குள்ளேயே இருந்தது. தனியாகக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

கோடாக் வந்தது

1888-ல் அமெரிக்காவின் ஜார்ஜ் ஈஸ்ட்மன் கோடாக் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். விலை 25 டாலர். 100 படங்களுக்கான ஃபிலிம் உள்ளேயே இருக்கும். எடுத்து முடித்ததும் கேமராவை அப்படியே ராச்செஸ்டர் நகரத் தொழிற்சாலைக்கு அனுப்பினால், 10 டாலருக்குப் படங்களைக் கழுவி, புது ஃபிலிமும் போட்டுத் தருவார்கள். புகைப்படம் எடுக்கப் படிப்போ பயிற்சியோ தேவையில்லை என்றாகிவிட்டது.

அதே காலத்தில் ஒளித்து வைத்து எடுக்கும் கேமராக்களும் வந்தன. சட்டைக்குள் தட்டையாக மாட்டிக்கொண்டால் பொத்தான் துளை வழியாக லென்ஸ் எட்டிப் பார்க்கும். கார்ல் ஸ்டார்மர் என்ற நார்வே மாணவர் 1890-களில் இப்படி ஒரு கேமராவை மாட்டிக்கொண்டு, இன்று ஓஸ்லோ எனப்படும் நகரத்தின் தெருக்களில் நடப்பவர்களை எல்லாம் ரகசியமாக எடுத்தார். நாடகாசிரியர் இப்சன்கூட அவரிடம் மாட்டினார்! ஸ்டார்மர் பிற்காலத்தில் துருவ ஒளியை ஆராய்ந்து புகழ்பெற்ற விஞ்ஞானி ஆனார். அந்தப் படங்கள் இன்று அழகான வரலாற்று ஆவணங்கள்தான். ஆனால் அதில் இருப்பவர்கள் யாரிடமும் அவர் முன்கூட்டிக் கேட்கவில்லை என்பதும் உண்மை.

'என்னை என் பாட்டில் விடு'

1890-ல் மரியன் மனோலா என்ற நடிகை நியூயார்க் மேடையில் நடித்துக்கொண்டிருந்தபோது, அவர் சம்மதம் இல்லாமல் திடீர் வெளிச்சம் போட்டுப் படம் எடுத்துவிட்டார்கள். அவர் நீதிமன்றம் போய்த் தடை வாங்கினார். அதே ஆண்டு டிசம்பரில் சாமுவேல் வாரன், லூயிஸ் பிராண்டைஸ் என்ற இரண்டு பாஸ்டன் வழக்கறிஞர்கள் ஹார்வர்ட் சட்ட இதழில் அந்தரங்க உரிமை பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். மனோலாவின் வழக்கும் அதில் வருகிறது. ஒருவரைத் தொந்தரவு செய்யாமல் தனியே விடுவதும் ஓர் உரிமையே என்பது அவர்கள் வாதம். உடனடிப் புகைப்படத்தையும் பத்திரிகைகளின் அத்துமீறலையும்தான் அவர்கள் முக்கிய ஆபத்தாகச் சொன்னார்கள்.

ஆனால் நீதிமன்றங்கள் உடனே ஏற்கவில்லை. ஒரு மாவு நிறுவனம் ராபர்சன் என்ற இளம்பெண்ணின் படத்தை, அவரைக் கேட்காமலேயே, சுமார் 25,000 விளம்பரத் தாள்களில் அச்சடித்து ஒட்டியது. அவர் வழக்குப் போட்டார். 1902-ல் நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், 4-க்கு 3 என்ற கணக்கில், அப்படி ஓர் உரிமையே கிடையாது என்று சொல்லிவிட்டது. மக்கள் கொதித்தார்கள். அடுத்த ஆண்டே, எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் ஒருவர் படத்தை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று நியூயார்க் சட்டம் போட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஆல்டன் பார்க்கர் 1904-ல் ஜனாதிபதி தேர்தலில் நின்றார். படக்காரர்கள் தன்னையும் குடும்பத்தையும் விடாமல் துரத்துவதாகக் குறைபட்டுக்கொண்டார். உடனே ராபர்சன், உங்கள் தீர்ப்புப்படி உங்களுக்கு அந்த உரிமை இல்லையே ஐயா என்ற பொருளில் பத்திரிகையில் கடிதம் எழுதினார். தனக்கு வந்தால்தானே தெரியும் தலைவலி!

கேமரா சட்டைப் பைக்குள் நுழைந்தது

1997 ஜூன் 11. கலிஃபோர்னியாவில் பிலிப் கான் என்பவர் தனக்குப் பிறந்த குழந்தையை டிஜிட்டல் கேமராவில் எடுத்து, அதை மடிக்கணினியோடும் செல்போனோடும் இணைத்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அனுப்பினார். 2000-ல் ஜப்பானில் ஷார்ப் நிறுவனத்தின் ஜே-எஸ்எச்04 கேமரா போன் விற்பனைக்கு வந்தது. வெறும் 1,10,000 பிக்சல்தான். ஆனாலும் எடுத்த படத்தை அந்த போனிலிருந்தே அனுப்பலாம். எடுப்பதற்கும் ஊரெல்லாம் பரப்புவதற்கும் இடையே இருந்த தூரம் அன்றோடு போயிற்று.

திருட்டுத்தனமாகப் படம் எடுப்பது பெருகியதும், ஜப்பானில் கேமரா ஓசையை அணைக்க முடியாதபடி போன்களைத் தயாரித்தார்கள். தென்கொரியாவிலும் 2004-ல் இப்படி ஒரு விதி வந்தது. தொழில்நுட்பம் தின்றுவிட்ட அனுமதியை ஒரு 'கிளிக்' சத்தமாகத் திருப்பிக் கொடுக்கும் முயற்சி என்றே இதைச் சொல்லலாம்.

நம் நாட்டில்

1994-ல் நக்கீரன் பத்திரிகை தொடர்பான ராஜகோபால் வழக்கில், தனியே விடப்படும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவில் அடங்கியது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் 9 நீதிபதிகளும் ஒருமித்து, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உறுதி செய்தார்கள்.

ஒருவரது அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமின்றிப் படம் எடுப்பதும் பரப்புவதும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2009-ல் நடைமுறைக்கு வந்த 66-ஈ பிரிவின்படி குற்றம். 3 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். 2013-ல் பெண்களை அவர்களது தனிமையில் மறைந்திருந்து படம் எடுப்பதும் தனிக் குற்றமானது. இன்று அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவில் இருக்கிறது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் விளக்கம்தான்: எடுக்கச் சம்மதித்த பெண் பரப்பச் சம்மதிக்காதபோது அந்தப் படத்தைப் பரப்பினாலும் குற்றமே.

சட்டம் தொடாத இடம்

ஆனால் வகுப்பில் வாயைத் திறந்து தூங்குபவனையோ, சாவு வீட்டில் அழுபவரையோ, விபத்தில் அடிபட்டுக் கிடப்பவரையோ எடுப்பதற்கு இந்தப் பிரிவுகள் பெரும்பாலும் வராது. அங்கே மிச்சம் இருப்பது நம் நாகரிகம் மட்டும்தான். வரலாறு கற்றுத்தரும் பாடம் எளிது. கேமரா சிறிதாகச் சிறிதாக அனுமதி மறைந்தது. சட்டம் எப்போதும் யாரோ ஒருவர் காயப்பட்ட பிறகே வந்து சேர்ந்தது.

ஆகவே எடுக்கும் முன் கேளுங்கள். அனுப்பும் முன் மறுபடியும் கேளுங்கள், ஏனெனில் இரண்டும் வேறு வேறு கேள்விகள். 'அழித்துவிடு' என்று ஒருவர் சொன்னால், காரணம் கேட்காமல் அவர் எதிரிலேயே அழித்துவிடுங்கள். போன் உங்களுடையதாக இருக்கலாம். முகம் அவருடையது.