தோற்றம் ஒன்று, இனம் வேறு: பம்பாயும் வண்ணத்துப்பூச்சி அடையாளமும்

தாராவியை ஒட்டி மித்தி ஆற்றங்கரையில் அமைந்துள்ள மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா, முன்பு மாநகரக் குப்பை கொட்டப்பட்ட நிலம். அங்கே கறுப்பு இறகில் வெள்ளைத் திட்டும் சிவப்புப் பிறைகளும் கொண்ட வண்ணத்துப்பூச்சி ஒன்றைக் காண்பவர், அதனைக் ‘காமன் ரோஸ்’ எனக் குறித்துக்கொள்வது இயல்பு. ஆனால் அது ‘காமன் மோர்மன்’ என்னும் வேறோர் இனத்தின் பெண்ணாகவும் இருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்தறிய முயன்ற வரலாறு நீண்டது.

ரோஸின் புழு ஆடுதீண்டாப்பாளைக் குடும்பத்துக் கொடிகளை உண்டு நஞ்சேற்றுக்கொள்கிறது. ஆகவே பறவைகள் அதனைத் தவிர்க்கின்றன. மோர்மனுக்கு அந்த நஞ்சு இல்லை. அதன் புழுவுக்கு மாட்டுங்கா, செம்பூர் வீடுகளில் வளரும் கறிவேப்பிலையும் எலுமிச்சையுமே உணவு. மோர்மனின் பெண்ணுக்கு மூன்று வடிவங்கள் உண்டு: ஒன்று ஆணை ஒத்தது, மற்றொன்று காமன் ரோஸை ஒத்தது, மூன்றாவது கிரிம்சன் ரோஸை ஒத்தது. வேறு இனங்கள் ஒன்றுபோல் தோன்றுகின்றன. ஓரினமே பலவாகத் தோன்றுகிறது. இலக்கண மொழியில் கூறின், பலபொருள் ஒருசொல்லும் ஒருபொருள் பலசொல்லும் ஒருங்கே அமைந்த சிக்கல் இது.

பெயரிட்டோரும் இதில் தடுமாறினர். 1758இல் லின்னேயஸ் இவ்வோரினத்துக்கே பாலிட்டெஸ், பாம்மோன் என இரு பெயர்கள் இட்டார். 1775இல் கிராமர், கிரிம்சன் ரோஸை ஒத்த வடிவத்துக்கு ரோமுலஸ் எனத் தனிப்பெயர் வழங்கினார். இவை ஓரினத்தின் பெண் வடிவங்களே என 1865இல் வாலஸ் வாதிட்டார். இலங்கையில் பல தலைமுறைகளை வளர்த்து ஆராய்ந்த ஃப்ரையர், இவ்வடிவங்கள் மரபுவழி வருபவை என 1913இல் காட்டினார்.

பம்பாயில் 1883இல் தோன்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1886இல் தன் ஆய்விதழைத் தொடங்கியது. அங்கு இரு மரபுகள் வளர்ந்தன. முதலாவது, ஊசியில் குத்திய மாதிரியை ஆராய்வது; கழகம் வெளியிட்ட எவான்ஸின் அடையாள நூல் இதன் உச்சம். மற்றொன்று, புழுவைத் தேடி வளர்த்து, வெளிவரும் பூச்சியைக் காண்பது. டேவிட்சன், எய்ட்கன் ஆகியோர் 1890இல் இவ்விதழில் எழுதிய குறிப்புகள் இம்மரபைச் சார்ந்தவை. 1957இல் கழகம் வெளியிட்ட விண்டர்-பிளைத்தின் நூல், வண்ணத்துப்பூச்சி அறிவைப் பெட்டகத்திலிருந்து களத்துக்குக் கொண்டுவந்தது.

களத்தில் பிரித்தறியும் முறைக்குத் தொல்காப்பியச் சொல்லதிகாரம் எதிர்பாராத துணையாகிறது. பலபொருள் ஒருசொல்லின் பொருளை வினை, இனம், சார்பு ஆகியவற்றால் தெளியலாம் என்பது அதன் கருத்து. அதனை இங்கும் பொருத்தலாம். வினை: ரோஸ் மெதுவாகப் பறக்கும், மோர்மனும் அவ்வாறே பறப்பினும், அச்சமுறின் விரைந்து வளைந்து ஓடும். இனம்: சிவந்த உடல் ரோஸ் குழுவின் அடையாளம், மோர்மனின் உடல் கறுப்பு. சார்பு: முட்டையிடும் செடி எது என்பது. இறகின் வடிவத்தைப் போலி எளிதில் நடிக்கலாம். புழு உண்ணும் செடியை நடிக்க இயலாது.

2014இல் குண்டே உள்ளிட்டோர், மோர்மன் பெண்ணின் இந்த ஒப்புருவை டபுள்செக்ஸ் என்னும் ஒற்றை மரபணு கட்டுப்படுத்துவதை நிறுவினர். எனினும் களத்துச் சிக்கல் அதனால் நீங்கவில்லை. இன்று நகரப் பூங்காக்களின் இனப்பட்டியல்கள் பெரிதும் ஒளிப்படங்களைச் சார்ந்து உருவாகின்றன. ஒளிப்படம் வடிவத்தைப் பதியும். வினையையும் சார்பையும் பெரும்பாலும் விட்டுவிடும். மோர்மனை ரோஸ் எனப் பதிவது வெறும் பெயர்ப்பிழையன்று. ரோஸ் இருப்பின் அதன் கொடியும் அருகில் எங்கோ இருத்தல் வேண்டும். ஆகவே அப்பிழை, இல்லாத ஒரு கொடியை இருப்பதாகச் சான்றளிக்கிறது. அழிந்த வாழிடம் பட்டியலில் மட்டும் உயிர்வாழ இத்தகைய ஒரு பதிவே போதும்.