தகைவும் திரிபும்: ‘மன அழுத்தம்’ என்னும் சொல்லின் வரலாறு

‘மன அழுத்தம்’ என்னும் தொடரை நாம் இன்று குறைந்தது மூன்று பொருள்களில் ஆள்கிறோம். நெருங்கிவரும் ஆய்வேட்டுக் கெடுவைச் சுட்டவும் அதுவே. அக்கெடுவால் உறக்கம் இழந்து தவிக்கும் நிலையைச் சுட்டவும் அதுவே. மருத்துவம் தேவைப்படும் மனச்சோர்வு நோயைச் செய்தித்தாள்கள் சுட்டுவதும் பல வேளைகளில் அதே தொடரால்தான். காரணம், விளைவு, நோய் ஆகிய மூன்றும் ஒரே சொல்லுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. இது தமிழுக்கு மட்டும் நேர்ந்த குழப்பமன்று. இதன் மூலமாகிய ‘ஸ்ட்ரெஸ்’ என்னும் ஆங்கிலச் சொல் மருத்துவத்துக்குள் நுழைந்தபோதே இக்குழப்பத்தோடுதான் நுழைந்தது.

19ஆம் நூற்றாண்டின் பொறியியலில் அச்சொல்லுக்குத் தெளிவான வரையறை இருந்தது. ஒரு பொருளின்மீது புறவிசை செயல்படும்போது அதனுள் ஓரலகுப் பரப்பில் எழும் விசை ‘ஸ்ட்ரெஸ்’. அதனால் பொருளின் வடிவில் ஏற்படும் மாற்றம் ‘ஸ்ட்ரெய்ன்’. நம் பள்ளி இயற்பியல் நூல்கள் இவ்விரண்டையும் முறையே தகைவு, திரிபு என அழகாகப் பிரித்து வைத்துள்ளன.

இந்த வேறுபாடு மருத்துவத்தில் கரைந்துபோனதற்கு ஹான்ஸ் செல்யே பெரும் காரணம். வியன்னாவில் பிறந்து, பிராகில் மருத்துவம் பயின்று, மாண்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், புதிய இயக்குநீர் ஒன்றைத் தேடி எலிகளுக்குச் சுரப்பிச் சாறுகளை ஊசி வழியே செலுத்திவந்தார். அட்ரீனல் சுரப்பி பெருத்தது, தைமஸ் சுருங்கியது, இரைப்பையில் புண்கள் தோன்றின. ஆனால் ஃபார்மலினைச் செலுத்தினாலும், குளிரில் வைத்தாலும், மிகையாக ஓடவிட்டாலும் அதே மூன்று அறிகுறிகளே தென்பட்டன. தீங்கு எதுவாயினும் உடலின் எதிர்வினை ஒரே தன்மையது என 1936இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு கடிதமாக அவர் அறிவித்தார். பின்னாளில் இதற்கு ‘ஸ்ட்ரெஸ்’ என்ற பெயரை நிலைநிறுத்தினார். அவர் விவரித்தது உடலில் நேரும் மாற்றத்தை, அதாவது திரிபை. சூட்டிய பெயரோ தகைவினுடையது. தம் ஆங்கில அறிவு அந்நாளில் போதாமையால் இவ்விரு சொற்களையும் மாற்றி ஆண்டுவிட்டதாகப் பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார்.

இந்திய மொழிகள் இக்கருத்தை ஏற்ற விதமும் கவனிக்கத்தக்கது. தமிழின் அழுத்தம், தெலுங்கின் ஒத்திடி, கன்னடத்தின் ஒத்தட, வங்காளத்தின் சாப் ஆகியவை மேலிருந்து அமுக்கும் சுமையாக இதைக் காண்கின்றன. இந்தியின் தனாவ், மராத்தியின் தாண் ஆகியவை இழுத்துக் கட்டிய கயிறாகக் காண்கின்றன. நம் பேச்சுவழக்கு ‘டென்ஷன்’ என்னும் கடன்சொல்லின் வழியே அவ்விழுவிசை உருவகத்தையும் சேர்த்துக்கொண்டது. இவற்றுக்கெல்லாம் அப்பால் நிற்பது ‘மன உளைச்சல்’. கைகால் உளைச்சல் என்பதில் வரும் அதே உளைச்சல் அது. ஓர் அடியால் வரும் வலியன்று. நெடுநேர உழைப்புக்குப் பின் தங்கி நிற்கும் நோவு.

இந்த வேறுபாடு ஆய்வுலகிலும் எழுந்தது. 1967இல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே ஆகியோர் 43 வாழ்க்கை நிகழ்வுகளுக்கு மதிப்பெண் வழங்கினர். வாழ்க்கைத் துணையின் இறப்புக்கு 100, திருமணத்துக்கு 50. அதாவது, பெருநிகழ்வுகளே மனிதரை நோய்க்குத் தள்ளுகின்றன என்பது அவ்வளவையின் அடிப்படை. 1981இல் ரிச்சர்ட் லாசரஸின் குழு இதற்கு மாறான வினாவை எழுப்பியது. பொருளைத் தொலைத்தல், விலையேற்றம், முடியாமல் குவியும் வேலை போன்ற 117 சிறு தொல்லைகளைப் பட்டியலிட்டு, நடுத்தர வயதினர் நூறு பேரிடம் மாதந்தோறும் குறித்துப் பெற்றது. உளநலக் குறைவை முன்னுணர்த்துவதில் பெருநிகழ்வுகளைவிட இச்சிறு தொல்லைகளே வலுவானவையாக இருந்தன.

சிறியவை எவ்வாறு பெரும் சேதம் விளைவிக்கின்றன? 1993இல் புரூஸ் மெக்யூவன், எலியட் ஸ்டெல்லர் ஆகியோர் முன்வைத்த ‘அலோஸ்டாடிக் சுமை’ என்னும் கருத்து இதற்கு விடை தருகிறது. ஆபத்தின்போது அட்ரீனலினும் கார்ட்டிசாலும் பெருகுவது உடலைக் காக்கும் ஏற்பாடு. ஆபத்து நீங்கியதும் அது தணிய வேண்டும். எதிர்வினை அடிக்கடி தூண்டப்பட்டாலோ, பழகிப்போன தொல்லைக்கும் குறையாமல் எழுந்தாலோ, காரணம் நீங்கிய பின்னும் தணியாவிட்டாலோ, காக்கும் ஏற்பாடே இரத்தக்குழாய்களையும் நோய் எதிர்ப்பு அமைப்பையும் தேய்க்கத் தொடங்குகிறது. ஆகவே, சேர்மானத்தைத் தீர்மானிப்பது தொல்லையின் அளவு மட்டுமன்று. இரு தொல்லைகளுக்கு இடையே தணிவதற்கு வாய்ப்பு இருந்ததா என்பதும்தான்.

அவ்வாய்ப்பு எல்லோருக்கும் சமமாகக் கிட்டுவதில்லை. பிரித்தானிய அரசு ஊழியர்களிடையே 1967இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு, உயர் அதிகாரிகளைவிடக் கீழ்நிலை ஊழியர்களே இதயநோயால் மிகுதியாக இறந்தனர் எனக் காட்டியது. 1985இல் 10,308 பேருடன் தொடங்கிய இரண்டாம் ஆய்வு, தம் பணியின்மீது தமக்குக் கட்டுப்பாடு குறைந்தவர்களுக்கு இதயநோய் இடர் கூடுதல் என்பதை வெளிப்படுத்தியது. ‘பெரும்பொறுப்பில் இருப்போரின் நோய்’ என்ற பொதுநம்பிக்கை இவற்றால் தளர்ந்தது.

சொல்லின் குழப்பத்தால் ஆதாயம் பெற்றோரும் உண்டு. புகையிலைத் தொழிலின் உள் ஆவணங்கள் வழக்குகளின் வழியே வெளிவந்தபோது, செல்யேயின் ஆய்வுக்கு அத்தொழில் நிதி வழங்கியது தெரியவந்தது. நோய்க்குக் காரணம் வாழ்க்கை நெருக்கடியே எனில் சிகரெட்டின்மீதான பழி குறையும் அல்லவா? தகைவைத் தருபவர் யார் என்னும் வினா மறைந்து, திரிபடைந்தவரின் மனமே ஆராயப்படும் சூழல் இன்றும் மறையவில்லை. பணிச்சுமையைக் குறைக்காமல் ஒருநாள் தியானப் பயிலரங்கம் நடத்தி முடிக்கும் நிறுவனங்கள் அதையே செய்கின்றன.

இதனால் தனிமனித முயற்சி வீண் என்றாகாது. லாசரஸும் சூசன் ஃபோக்மனும் 1984இல் வெளியிட்ட நூலில், சமாளிக்கும் வழிகளை இரண்டாக வகுத்தனர்: சிக்கலையே மாற்ற முயல்வது ஒன்று; சிக்கல் எழுப்பும் உணர்வைச் சீர்செய்வது மற்றொன்று. மாற்றத்தக்கதற்கு முதலாவதும், மாற்ற இயலாததற்கு இரண்டாவதும் பெரும்பாலும் பொருந்தும். 1986இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர், தம்மை வாட்டிய நிகழ்வுகளை நான்கு நாள்கள், நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம் எழுதுமாறு மாணவர்களைக் கேட்டார். நிகழ்வையும் உணர்வையும் சேர்த்து எழுதியோர் அடுத்த ஆறு மாதங்களில் மருத்துவ மையத்துக்குச் சென்றது குறைந்தது. ஆயினும் எழுதிய உடனே அவர்கள் மனநிலை தாழ்ந்தது. பின்வந்த தொகுப்பாய்வுகள் இப்பயன் சிறிதே எனக் காட்டுகின்றன. எனவே எழுத்து ஒரு துணையாகலாம், முழுத் தீர்வாகாது.

ஆய்வு மாணவர் வாழ்வு சிறு தொல்லைகளால் நெய்யப்பட்டது. தாமதமாகும் உதவித்தொகை, மறுமொழி வராத மின்னஞ்சல், மூன்றாம் முறை திருப்பி அனுப்பப்படும் படிவம், முடிவின்றித் தள்ளிப்போகும் இயல். ஒவ்வொன்றும் தனியே அற்பமாகத் தோன்றுவதால் முறையிடவும் கூச்சப்படுகிறோம். ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, ஒருபுறம் தகைவையும் மறுபுறம் திரிபையும் எழுதிப் பார்க்கலாம். உறக்கமின்மை, எரிச்சல், தலைவலி ஆகியவை திரிபின் பக்கம் சேரும். உறக்கம், நடை, நண்பரோடு உரையாடல், வேலை நுழையாத சில மணிநேரம் ஆகியன அவற்றுக்கு உதவும். தகைவின் பக்கத்தில் நம்மால் மாற்றக்கூடியதை நாமே மாற்றலாம். உதவித்தொகைத் தாமதம் போன்றவை பலருக்கும் பொதுவானவை. அவற்றைத் தனித்தனியே தாங்குவதைவிடக் கூடி எழுத்தில் கேட்பதே முறை. சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால் அதை ‘அழுத்தம்’ என்று சொல்லிக் கடந்துவிடாமல் மருத்துவரை அணுக வேண்டும்; ஒன்றிய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416இல் தமிழிலும் பேசலாம்.

மனச்சோர்வு என ஒரு சொல், உளைச்சல் என ஒரு சொல், தகைவு என ஒரு சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. அடுத்த முறை ஒரு நண்பர் ‘அழுத்தமாக இருக்கிறது’ என்றால், இம்மூன்றில் எதைச் சொல்கிறார் என்று கேட்போம். நாம் செய்ய வேண்டிய உதவி எது என்பது அந்த விடையைப் பொறுத்தது.