இந்தோனேசியா, மலேசியா மரப்பலகை ஏற்றுமதி

பிளைவுட், வெனீர், துகள்பலகை, நார்ப்பலகை ஆகியவற்றை ஒரே இனமாகச் சேர்த்து, ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 1961 முதல் நாடுவாரியாகக் கணக்கு தருகிறது. வெப்பமண்டல நாடுகளில் இவ்வணிகத்தின் முன்னணியில் நெடுங்காலம் நின்றவை இந்தோனேசியாவும் மலேசியாவும். இவ்விரு நாடுகளின் கணக்கை ஒப்பிடுவோர், எவ்வளவு பலகை ஏற்றுமதியானது என்பதோடு, அதற்கான மரம் எங்கே வெட்டப்பட்டது என்பதையும் கேட்டாக வேண்டும்.

1970களில் இரண்டுமே பெரும்பாலும் உருட்டு மரத்தையே விற்றன. இந்தோனேசியாவின் கலிமந்தானிலும் மலேசியாவின் சபாவிலும் சாய்ந்த மெராந்தி மரங்கள் ஜப்பான், தென்கொரியா, தைவான் ஆலைகளில் சீவப்பட்டுப் பலகையாயின. இந்தோனேசியா 1980இல் உருட்டு மர ஏற்றுமதியைப் படிப்படியாகக் குறைக்கத் தொடங்கி, 1985இல் முற்றிலும் தடுத்தது. சமரிந்தா, பஞ்சர்மாசின் போன்ற ஆற்றங்கரை நகரங்களிலும் பிற இடங்களிலுமாக நூற்றுக்கு மேற்பட்ட பிளைவுட் ஆலைகள் எழுந்தன. எந்த ஆலை எந்த நாட்டுக்கு என்ன விலையில் விற்கலாம் என்பதை, பாப் ஹசான் தலைமையிலான பிளைவுட் ஆலைகளின் சங்கமான அப்கிண்டோ முடிவுசெய்தது. 1990களின் தொடக்கத்தில் ஆண்டு ஏற்றுமதி 80 இலட்சம் கன மீட்டரைத் தாண்டியது. ஜப்பானுக்குப் போன முக்கியச் சரக்கு, 12 மி.மீ. தடிப்பும் 900க்கு 1800 மி.மீ. அளவும் கொண்ட சென்ட்ரிங் பலகை. கான்கிரீட் இறுகியதும் கழற்றி, சில முறை பயன்படுத்தியபின் எறியப்படுவது. பல நூறாண்டு வளர்ந்த காடு இதற்காக அழிந்தது பெரும் இழப்பு. தடையால் உள்நாட்டில் மரம் மலிவானதால், ஆலைகளும் அதைச் சிக்கனமாகப் பயன்படுத்தவில்லை.

மலேசியாவில் காடு மாநில அரசுகளின் உரிமை. தீபகற்பம் 1985இலும் சபா 1993இலும் உருட்டு மர ஏற்றுமதியைத் தடுத்தன. சரவாக் ஒரு பங்கை உள்ளூர் ஆலைகளுக்கு ஒதுக்கி, மீதியைத் தொடர்ந்து விற்றது. ஆகவே பிளைவுட் ஏற்றுமதி அங்கே பிந்தியே வளர்ந்தது. ஆனால் நார்ப்பலகையில் மலேசியா முந்திக்கொண்டது. தமிழ்த் தோட்டத் தொழிலாளர் தலைமுறைகளாகப் பால் வெட்டிய ரப்பர் மரம், முதுமையில் விறகாகிவந்த நிலை மாறி, அதன் மூலப்பொருளாயிற்று.

1998இல் பன்னாட்டு நாணய நிதியத்தின் நிபந்தனைப்படி அப்கிண்டோவின் விற்பனைக் கட்டுப்பாடு நீங்கியது. கள்ளத்தனமாக மரம் வெட்டுதல் பெருகி, கலிமந்தான் மரங்கள் எல்லை கடந்து சரவாக் சென்றன. அவற்றில் செய்த பலகை மலேசிய ஏற்றுமதியாகவே பதிவாகும் என்பதால், இக்காலப் புள்ளிவிவரங்களை அப்படியே நம்புவது தவறு. இடையில் நீங்கியிருந்த உருட்டு மர ஏற்றுமதித் தடையை இந்தோனேசியா 2001இல் மீண்டும் கொண்டுவந்தது. மறு ஆண்டு மலேசியா இந்தோனேசிய உருட்டு மர இறக்குமதியைத் தடுத்தது. 2000களின் நடுவில் பிளைவுட் ஏற்றுமதியில் மலேசியா முந்தியபோது, பாப்லர் மரப் பலகையுடன் சீனா இரண்டையும் கடந்திருந்தது.

2010களில் நிலை மீண்டும் மாறியது. சரவாக்கில் நல்ல மரம் அருகியது. ஜப்பானிய ஆலைகள் தம் நாட்டு சுகி மரத்துக்குத் திரும்பின. மலேசிய ஏற்றுமதி சரிந்தது. இந்தோனேசியாவுக்கு ஜாவா உழவர்கள் நட்டு வளர்க்கும் செங்கோன் மரம் கைகொடுத்தது. மரத்தின் சட்டப்பூர்வத் தன்மைக்குச் சான்றளிக்கும் ஐரோப்பிய ஒன்றிய உரிமத்தை, 2016 நவம்பரில் உலகிலேயே முதலாவதாக வழங்கத் தொடங்கியதும் இந்தோனேசியாதான். இவ்வுரிமத்துக்கு வழிசெய்யும் உடன்பாட்டுக்காக ஐரோப்பிய ஒன்றியத்துடன் 2007இல் மலேசியா தொடங்கிய பேச்சு கைகூடவில்லை.